பிளக் வயருக்குப் பொட்டு

இன்று ஆயுத பூஜை. காலையில் எங்கள் பழைய காரைக் கழுவி, எஞ்சினுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் நான்கு பிளக் வயர்களையும் துடைப்பதற்காக, பிளக் பக்க முனைகளை ஒரேயடியாகக் கழற்றினேன்.

ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் துடைத்து மாட்ட வேண்டும். தெரியும். பொறுமைதான் இல்லை. போதாததற்கு, இந்தக் காருக்கு உரிய, வேறு வேறு நீளமுள்ள செட்டை விட்டுவிட்டு, நான்கும் ஒரே நீளமான வயர்களை வாங்கிப் போட்டதும் என் கெட்டித்தனமே. எது எந்த இடத்துக்கு என்று பார்த்தால் தெரியாது.

அதனால் பூஜைச் சந்தனத்தைத் தொட்டு, முதல் வயருக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு என்று அடையாளம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் நான்கிலும் ஒரே அளவு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"என்னங்க, இப்படியா அப்பி வைப்பாங்க? எல்லாத்தையும் தொடச்சு ஒழுங்கா வச்சிட்டேன்" என்றாள் மனைவி.

வயர்களைக் குத்துமதிப்பாக மாட்டினேன். பூஜை முடிந்து, சக்கரத்தடியில் நசுக்கத் தேசிக்காய் வைத்துச் சாவியைத் திருப்பினேன். வயர்கள் இடம் மாறியதில் கார் போட்ட வெடியில் அம்பிட்டிய ஏற்றத்தில் உள்ள வீடுகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன.

அத்தனை பேர் முன்னாலும், "ஒனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் போனை நீட்டினாள். காலையில் பொனட்டைத் திறந்ததும் அவள் அக்காவுக்கு அனுப்ப எடுத்த படம். "இதையெல்லாமா படம் எடுப்ப?" என்று நான் கேலி செய்த படம். எந்த வயர் எங்கே என்று அதில் தெளிவாகத் தெரிந்தது.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. சுண்டல் தட்டும் மேசைக்கு வந்தது, பேச்சுத்தான் வரவில்லை.

சாமி கும்பிட்ட கையோடு கத்தியதைத் திரும்பப் பெற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.