நாற்சந்தியில் நின்ற மச்சான்

அல்பேட் மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றுக்கு வந்து, அங்கே டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாடு ஏற்றும் வேலை செய்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மெத்ரோ ரயில் பிடித்துப் புறநகரான லொங்குய்ய் போய்விடுவார். அங்கே ஒரு மண்டபத்தில், ஈயச் சிப்பாய்களை மேசையில் பரப்பி, தாயக்கட்டை உருட்டி, நெப்போலியன் காலத்துச் சண்டைகளைத் திரும்ப ஆடும் சங்கம் ஒன்று இருந்தது. அவர் கைப்பட வர்ணம் தீட்டிய சிவப்புச் சட்டை ஆங்கிலப் படையைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

2004இல் மனைவி அக்னெஸ், "தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். வீட்டிலை தனியக் கிடக்கிறான்" என்றாள்.

மச்சான் றூபன் போனான். சில மாதங்களிலேயே எல்லோரும் அவன் பக்கம். பிரெஞ்சில் பகிடி விடுவான். தோற்றாலும் அவனைச் சுற்றிச் சிரிப்புத்தான். அல்பேட்டுக்குப் பல வருடமாக வெறும் 'பொன்ஜூர்' சொன்னவர்கள் அவனுக்குக் கோப்பி வாங்கி வந்தார்கள். அல்பேட்டுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த ஆனியில் காத்ர் பிரா சண்டையை ஆடினார்கள். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முந்தி, பெல்ஜியத்தில் ஒரு நாற்சந்திக்காக நடந்த சண்டை அது. படைகளைப் பிரிப்பது அல்பேட்டின் பொறுப்பு. ஒல்லாந்து, பெல்ஜியப் படைகளை றூபனுக்குக் கொடுத்து, நெருக்கினால் எவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கும் என்று காட்டும் அவற்றின் தரத்தை ஆகக் கீழே போட்டார். அதே அணியில் ஆங்கிலப் படையைத் தானே வைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தான் இவைக்கு இவ்வளவு குறைச்சல்?"

"வெடி கேட்டா ஓடுற ஆக்கள். இங்கிலீஷ்காரர் எழுதி வைச்சிருக்கினம்."

"சந்தியை விட்டிட்டு வேறை இடத்துக்குப் போகச் சொல்லித்தானே அவைக்குக் கட்டளை வந்தது. போகாமல் நிண்டவை அவைதான். இங்கிலீஷ்காரர் வந்து சேரவே மத்தியானம் திரும்பீட்டுது."

"சரி, விளையாடு."

எதிரணியின் பிரெஞ்சுப் படை நெருக்கியது. றூபன் தன் ஆட்களைக் காட்டுக்குள்ளும் பண்ணைச் சுவர்களுக்குப் பின்னாலும் நிறுத்தினான். பண்ணை பறிபோனது. காடு போகவில்லை. உதவிக்கு வரும் முறை வந்தும் அல்பேட் சிவப்புச் சட்டைகளைத் தெருவிலேயே நிறுத்தி வைத்தார். மச்சான் ஒருதரமாவது ஓடட்டும் என்றிருந்தது அவருக்கு. அவன் ஓடவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற நண்பர் கிறிஸ்தோப்பர், "அண்ணை, உங்கடை ஆக்கள் ஏன் அசையாமல் நிக்கினம்?" என்று கேட்ட பிறகுதான் நகர்த்தினார். சந்தி தப்பியது.

எல்லோரும் றூபனின் கையைக் குலுக்கினார்கள். அவனோ, "அத்தான் வந்திராட்டி நான் முடிஞ்சிருப்பன்" என்றான். அது அல்பேட்டை இன்னும் சுட்டது.

வீட்டில் அக்னெஸ், "ஆர் வெண்டது?" என்று கேட்டாள்.

"நாங்கள்தான். என்ரை ஆக்கள் போன பிறகுதான் சரிவந்தது."

"தம்பி?"

"அவனும் நிண்டவன்."

அடுத்த கூட்டத்தில் ஒல்லாந்து, பெல்ஜியப் படைகளின் தரத்தை உயர்த்துவதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். அல்பேட் கடைசியாகத் தூக்கினார். அதன்பிறகு அவர் றூபனோடு ஒரே அணியில் ஒருநாளும் நிற்கவில்லை. சிவப்புச் சட்டைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேசையில் பிரெஞ்சுப் படையின் பக்கம் போனார். சில தடவை வென்றும் காட்டினார். வென்ற நாட்களிலும் கூட்டம் றூபனைச் சுற்றித்தான் நின்றது.