பள்ளிப் பிள்ளை இல்லாத வீடு

எங்கள் மறைமாவட்டப் பள்ளிகள் சங்கம் பொன்விழா கொண்டாடியபோது வழவழப்பான தாளில் ஒரு மலர் போட்டார்கள். அதில் சங்கம் நடத்துகிற பொதுத் தேர்வைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. “கேள்வித்தாள்களின் இரகசியம் இத்தனை ஆண்டுகளும் இறையருளால் காக்கப்பட்டது.” படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறையருள் மாடியறையில் உட்கார்ந்து ஸ்டென்சில் அடித்ததை நான் பார்த்ததில்லை. அடித்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

சங்கம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு கோயில் பங்கிலும் பங்குச் சாமியார்தான் பள்ளிக்கூடத்துக்கு ராஜா. கேள்வியும் அவர் இஷ்டம், மார்க்கும் அவர் இஷ்டம். ஒரு பங்கில் ஐந்தாவது தேறிய பிள்ளை, குடும்பம் அடுத்த பங்குக்கு வீடு மாறினால் மறுபடியும் நாலாவதில் உட்கார வேண்டும். ஒரு பள்ளியில் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளைகள் ஃபெயில் ஆனதே கிடையாது. இந்தக் கூத்தையெல்லாம் ஒழிக்கத்தான் பங்குப் பள்ளிகளைச் சேர்த்துச் சங்கம் ஆரம்பித்தார்கள். இரண்டு சாமியார்கள் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் கூப்பிட்டுப் பேசியதும் வழிக்கு வந்தார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள் என்பதுதான் சங்கம் செய்த முதல் காரியம்.

முதல் தேர்விலேயே குட்டு வெளிப்பட்டது. கேள்வித்தாள் அடித்த டைப்பிஸ்டுக்கு ஆறாவது படிக்கிற மகன் இருந்தான். அவன் வகுப்பில் எல்லாருக்கும் கணக்கில் முழு மார்க். காய்ச்சலில் படுத்து, அந்தப் பருவம் முழுக்கப் பள்ளிக்கே வராமல் தேர்வுக்கு மட்டும் வந்த பையனுக்கும் முழு மார்க். சங்கம் அவசரமாகக் கூடி விதி போட்டது. கேள்வித்தாள் அடிக்கிறவர் வீட்டில் சங்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்கக் கூடாது. வேலை தொடங்கியதிலிருந்து தேர்வு முடியும்வரை அவர் ஆயர் இல்லத்து மாடியறையில் பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டும். செயலாளராக இருக்கும் ஃபாதர் விடுவிக்காமல் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியமும் செய்ய வேண்டும்.

கல்யாணமாகாத, வேகமாக டைப் அடிக்கிற, வாயைத் திறக்காத ஆளைத் தேடினார்கள். அத்தை மூன்றுக்கும் பொருந்தினாள். அப்போது அவளுக்கு நல்ல வேலை கிடைத்த சந்தோஷம். சத்தியத்தை மளமளவென்று சொல்லி முடித்தாளாம். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் செயலாளர் ஃபாதர், “இந்தத் தேர்வு முடியட்டும்மா” என்பார். தேர்வுகள் என்றைக்கு முடிந்திருக்கின்றன?

அந்த மாடியறையில் ஒரு கட்டில், ஒரு டைப்ரைட்டர், அடித்த ஸ்டென்சிலை மாட்டிப் பிரதி எடுக்க ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். ஜன்னல்களைப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். சமையல்காரர் சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்க வேண்டும். பிறகு ஃபாதர் வந்து பூட்டைத் திறந்து தட்டை உள்ளே தள்ளுவார். கசங்கிய தாள்களை அவரே எண்ணி, அவரே எரிப்பார். தேர்வு முடிந்து வெளியே வரும்போது அத்தையின் நகமெல்லாம் மையாகக் கிடக்கும், வெயிலில் கண் கூசும். பள்ளிப் பிள்ளைகள் அவளை ஸ்டென்சில் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

எனக்கு ஐந்து வயதானபோது அம்மா இறந்துபோனாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், வீடு தங்காத பிழைப்பு. அத்தை என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பள்ளியில் சேர்க்கிற நேரம் வந்ததும்தான் வினை ஆரம்பித்தது. நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிகள் அத்தனையும் சங்கப் பள்ளிகள்.

“ஃபாதர், என்னை இந்த வேலையிலேருந்து விட்டுடுங்க. புள்ளைய ஸ்கூல்ல சேர்க்கணும்.”

“உன்னை விட்டுட்டு நான் யாரைம்மா நம்புறது? வேற ஆள் கிடைக்கட்டும், விட்டுடறேன்.”

“எப்ப ஃபாதர் கிடைக்கும்?”

“தேடிட்டுத்தானே இருக்கேன்.”

அவர் தேடிய லட்சணம் எனக்குத் தெரியாதா! தேடுவதற்குப் பதில் ஒரு வழி சொன்னார். என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டால் நான் அத்தை வீட்டுப் பிள்ளை இல்லை, விதிக்கும் பங்கமில்லை. ஹாஸ்டல் எங்கே இருந்தது தெரியுமா? ஆயர் இல்லத்து முற்றத்துக்கு அந்தப் பக்கம். என் கட்டிலில் இருந்து பார்த்தால் ஆணி அடித்த அந்த ஜன்னல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வருவாள். ஹாஸ்டல் சிஸ்டர் ஜெபமாலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பாதி நேரம் தூங்கிவிடுவார். தேர்வு சமயத்தில் அதுவும் கிடையாது. ஒரு தேர்வின்போது எனக்குக் கடுமையான காய்ச்சல். நினைவு தப்பி “அத்தை, அத்தை” என்று கத்தினேனாம். முற்றத்தைத் தாண்டி அது மாடிக்குக் கேட்டிருக்கிறது. அத்தை உள்ளிருந்து கதவைத் தட்டியிருக்கிறாள். ஃபாதர் வெளியே நின்றபடி, “சிஸ்டர் பார்த்துக்குவாங்கம்மா, நீ வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பூட்டைத் திறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவரை இன்றும் பிடிக்காது.

அன்றோடு அத்தை முடிவு செய்துவிட்டாள். கடைத்தெருவில் ஒரு வக்கீலிடம் டைப் வேலை பேசி வைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சத்தியம் இருந்ததே! பைபிள்மேல் செய்த சத்தியத்தை மீற அவளுக்கு நெஞ்சில் துணிவில்லை. பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிக் கழுவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஃபாதரே துரத்திவிட்டால் சத்தியம் தானாகக் கழன்றுவிடும் அல்லவா?

அடுத்த தேர்வில் கணக்கில் எனக்கு நூற்றுக்கு நூறு. மறுநாள் அத்தை அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஃபாதர், கணக்குக் கேள்வி எல்லாத்தையும் முன்னாடியே எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடியே உங்க மேஜையில கேள்விய பார்த்துட்டேன், அந்த ஞாயித்துக்கிழமையே சொன்னேன்.”

ஃபாதரின் முகம் வெளுத்துவிட்டதாம். இது வெளியே தெரிந்தால் சங்கத்தின் மானம் கப்பலேறிவிடும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. தம் கையாலேயே புதிதாகக் கணக்குகள் எழுதி, என்னை மட்டும் வரச்சொல்லி, தம் மேஜையில் உட்கார வைத்தார். ஏதோ பரிசுப் போட்டி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்த பெருமை வேறு. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்று விடாமல் போட்டு முடித்தேன். அவர் திருத்திப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் விளையாடச் சொன்னார். அப்புறம் அத்தையை உள்ளே கூப்பிட்டார்.

உள்ளே நடந்ததை அத்தை பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அவர் திட்டவில்லையாம். கண் கலங்கியிருந்தாராம்.

“அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஏம்மா பொய் சொன்னே? சரி, இருக்கட்டும். ஒரு புள்ளைக்காக உன் பேரையே கெடுத்துக்கத் துணிஞ்சியே, நீயா காசுக்குக் கேள்வியை விப்பே? உன்னை மாதிரி ஒரு ஆள் எனக்கு வேற எங்கயும் கிடைக்காதும்மா.”

அத்தை வெளியே வந்தபோது நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“அத்தை, எல்லாக் கணக்கும் சரியாப் போட்டுட்டேன்! கடைசிக் கணக்கு ரொம்பக் கஷ்டம், அதையும் விடலையே!”

அவள் என் மோவாயில் இருந்த மையை விரலால் துடைத்தாள். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஒண்ணாவது தப்பாப் போட்டிருக்கக் கூடாதாடி, கண்ணு?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏன், நான் தப்பாப் போட்டா உனக்குச் சந்தோஷமா?”

“ஆமாடி” என்றாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. நான் அவள் கையை உதறிவிட்டு ஹாஸ்டலுக்குள் போய்விட்டேன். பள்ளி முடிக்கிறவரை அங்கேதான் இருந்தேன்.