பில்ரருக்கு வைத்த பொட்டு

சந்தனமும் பெற்றோலும் கலந்தால் ஒரு மணம் வரும். கலியாண வீட்டுப் படலையில் கார் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் போன்ற மணம். சந்தனக் கும்பா நீட்டப்படும் இடமெல்லாம் என் மூக்கு இப்போதும் அடியில் பெற்றோலைத் தேடுகிறது. தேடிப் போய், மனைவியின் தம்பி கனடாவுக்குத் திரும்பிய அந்தக் காலையில் நிற்கிறது.

வந்த அன்று அவன் பெட்டியைத் திறந்தபோது, சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, துவாய்க்குள் சுற்றியபடி ஒரு சிவப்புக் கூம்பு இருந்தது. காருக்கு எயார் பில்ரர், எஞ்சின் இழுக்கும் காற்றில் புழுதியை வடிப்பது. எங்கள் கார் என்னைவிடச் சில வயது மூத்தது. காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் வைத்த பழைய எஞ்சின். அதன் பழைய பில்ரர் ஒரு தகரப் பேணி. உள்ளிருந்த கடதாசி உக்கிப்போக, மெத்தை தைப்பவரிடம் வாங்கிய பஞ்சைத் திணித்து வைத்திருந்தேன். நீர்வேலிச் செம்மண் புழுதியைத் தின்று தின்று அந்தப் பஞ்சு செங்கல்லாகிவிட்டது. கார் இருமத் தொடங்கியது. போன மாதம் மனைவி படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் இருமி, நின்றேவிட்டது. பிள்ளைகள் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே பாட்டும் படித்தார்கள்.

காங்கேசன்துறையில் கலியாணங்களுக்குக் கார் விடுகிற ஒருவர் வாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"தம்பியை இந்தக் காரிலையே ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் விடுங்கோ. வழியிலை நிக்காமல் ஓடினால் வைச்சிருப்பம். நிண்டுதெண்டால், அங்கையிருந்தே அந்தாளுக்கு போன் எடுப்பன்."

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எழுத உட்காரும்போது கதிரையில் வராத சொல் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும்போது வரும். வராவிட்டாலும் காற்றாவது வரும். அது போய்விடும் என்று நினைக்கவே கால் உளைந்தது.

காலையில் நானும் மைத்துனனும் பொனற்றைத் திறந்தோம். பேணியைக் கழற்றினோம். கூம்பின் கழுத்து காபரேற்றர் வாயில் அளவாய் ஏறியது, கிளிப்பை முறுக்கினோம். எஞ்சினை எழுப்பியதும் ஒரு புதுச் சத்தம்: நெடுநேரம் முக்குளித்தவன் மேலே வந்து இழுக்கும் மூச்சு. இருமல் இல்லை. இரண்டு பேரும் குழந்தைகளைப் போலச் சிரித்தோம். பொனற்றைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குளிக்கப் போனோம்.

வந்து மறுபடி எழுப்பினால் கொக்குக் கொக்கென்று இருமல். முந்தியதைவிட மோசம்.

"அத்தான், புதுப் பில்ரரிலை காத்துக் கூடப் போகும். அப்ப காபரேற்றர் திருகாணியைத் திருப்பிப் பெற்றோலையும் கூட்டவேணும்" என்றான் மைத்துனன், போனில் எதையோ வாசித்துக்கொண்டு.

கூட்டினோம். கறுப்புப் புகை வந்தது. இன்னும் கூட்டினோம். கிணற்றடி வரை புகை போனது. மனைவி பயணப் பையோடு விறாந்தையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பில்ரரின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்ததை இருவருமே கண்டோம். கண்டும் காணவில்லை. எங்கள் வீட்டில் பிறிட்ஜுக்குப் பொட்டு, தையல் மெசினுக்குப் பொட்டு, தண்ணீர் பம்புக்கும் பொட்டு. புதிதாய் வந்த எதுவும் பொட்டில்லாமல் வேலை தொடங்குவதில்லை. பொட்டைக் கண்டால் எங்கள் கண் அதற்குமேல் போவதுமில்லை.

மூக்குத்தான் போனது. பெற்றோல் மணத்துக்குள் சந்தனம் அளவுக்கு மீறி மணத்தது. பில்ரரைக் கழற்றித் திருப்பினேன். மடிப்பு மடிப்பாய்க் காற்று நுழைய வேண்டிய துணியெல்லாம் மஞ்சள் களி. மேலே திருநீறு வேறு.

"இஞ்சரப்பா, இதுக்கு என்ன செய்தனீர்?"

"மஞ்சள் தண்ணியிலை சந்தனம் கரைச்சு ஊத்தினன். ஏன்?"

"ஒரு சொட்டோ?"

"ஒரு செம்பு."

மைத்துனன் மட்கார்டில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "காருக்குக் கும்பாபிசேகமே செய்திருக்கிறியள் அக்கா! அதுக்கு மூச்சு முட்டிப்போச்சு."

"நல்லா ஓடவேணுமெண்டுதானே ஊத்தினன்" என்றாள் அவள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விற்போம் விற்போம் என்றவள், நாங்கள் குளிக்கிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் காருக்காக நேர்ந்திருக்கிறாள்.

கிணற்றடியில் மெதுவாகக் கழுவினோம். மிச்ச வேலையை மனைவியே வாங்கிக்கொண்டாள். மேசை ஃபானுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, தலை முழுகிய பிள்ளையின் மயிரைக் கோதுவது போல, மடிப்பு மடிப்பாய்த் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள்.

"சாம்பிராணியும் பிடிக்கட்டோ?"

"ஐயோ அக்கா, புகை வேண்டாம்!"

மைத்துனன் பில்ரரோடு கொண்டுவந்திருந்த, துணியில் புழுதியைப் பிடித்துவைக்கும் எண்ணெயை அளவாய்ப் பூசி மாட்டினோம். கூட்டிய பெற்றோலைப் பழையபடி குறைத்தோம். கார் எழும்பியது. அதே முக்குளித்தவன் மூச்சு.

சுன்னாகம் சந்தையடியில் வெங்காய லொறி ஒன்று குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் நாங்கள், உச்சி வெயிலில், ஊர்ந்தும் நின்றும். எஞ்சின் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது, ஒரே சுருதியில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். லொறி விலகியதும் மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நாங்கள் கார் விக்கேல்லை."

ஸ்ரேசனில் ரயில் வந்துவிட்டது. மைத்துனன் ஏறி யன்னலால் தலையை நீட்டினான்.

"அக்கா, அடுத்தமுறை நான் என்ன கொண்டு வந்தாலும், சந்தனம் கரைக்கமுந்தி என்னை ஒருக்காக் கேளுங்கோ."

ரயில் அசைந்தது. அவள் கூடவே நாலடி நடந்தாள்.

"கேக்கிறன்ரா. நீ சுகமாய்ப் போட்டு வா. பொட்டு மட்டும் கேளாமல் வைப்பன்."