ஒண்டிபூட்ட

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சித்தூரில் எங்கள் திருச்சபை முழுக்கத் தெரிந்த சங்கதி இது. பாலசமுத்திரத்துக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையோரம் ஒரு சின்ன ஊரில் ஓராசிரியர் தமிழ்ப் பள்ளிக்கு என்னைப் போட்டபோது, "அந்தப் பிள்ளைங்க பாவம்" என்றாள் அம்மா. பெற்ற மகளைப் பாவம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

அங்கே போனதும் வந்த முதல் கோபம், பிள்ளைகள் நேரத்துக்கு வராதது. ஒன்பதரைக்கு மணி அடித்தால் பத்தரை வரைக்கும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். திட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு இரண்டு சட்டம் போட்டேன். தாமதமாக வருகிறவர்கள் முதல் பாடம் முடியும்வரை புங்கமரத்தடியில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் வருகிறவர் அன்றைக்கு மணி அடிக்கலாம். மணி என்றால் மரக்கிளையில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் கம்பி உள்ளே என் மேசையில் இருக்கும். என் வாயால் ஆகாதது அந்தக் கம்பியால் ஆயிற்று. ஒரே மாதத்தில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் மரத்தடியை விட்டு அசையவில்லை. அந்த வருஷங்களில் பெங்களூரில் கட்டடங்கள் ஏற ஏற, எங்கள் பக்கத்து ஊர்களில் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவளுடைய அப்பாவும் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார். அம்மா தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள், தெலுங்கு ஒட்டவேயில்லை. ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் நிலத்து மோட்டார் கொட்டகையில் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் கரண்ட் வந்ததும் அம்மா மோட்டார் போடுவாள், மகள் மடை திருப்புவாள். அதை முடித்துவிட்டுச் சேற்றுக் காலோடு ஓடி வருவாள் அந்தக் குழந்தை. மரத்தடியில் நிற்கும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், தண்டவாளத் துண்டைத்தான் பார்ப்பாள்.

"ஒரு நாளாச்சும் நான் அடிப்பேன் டீச்சர்" என்றாள் ஒருமுறை.

"மொதல்ல நேரத்துக்கு வா" என்றேன். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

வெயில் ஏறியது. வழக்கம்போல ஒருவேளைப் பள்ளிக்கு உத்தரவு வந்தது. காலை ஏழே முக்காலுக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். தெலுங்கில் அதற்கு ஒண்டிபூட்ட படி என்று பெயர். 'படி' என்றால் பள்ளி, 'ஒண்டிபூட்ட' என்றால் ஒரு வேளை. எங்கள் பக்கத்துத் தமிழர்களும் ஒண்டிபூட்ட என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நானும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லி அனுப்பினேன். கிணறு வற்றி மடை வேலை நின்றிருந்த சமயம். இனிமேல் அந்தப் பெண் நேரத்துக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வரவே இல்லை.

எட்டு நாள் பொறுத்தேன். எனக்கு அதுவே அதிகம். சனிக்கிழமை பள்ளி விட்டதும் ஹாஜர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, பேரை அடித்துவிடுவேன் என்று மிரட்டுவதற்காக மோட்டார் கொட்டகைக்கு நடந்தேன். வாசலில் பாத்திரங்களைப் போட்டுக் கட்டிய ஒரு கோணி மூட்டை இருந்தது. அதன்மேல் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பொண்ண ஏன் அனுப்பல?" என்று அவள் அம்மாவிடம் எடுத்த எடுப்பில் கத்தினேன்.

"எங்க அனுப்பறது? நீங்கதான் பூட்டிட்டீங்களே டீச்சரம்மா."

"யாரு பூட்டினது?"

"ஒண்டி பூட்டுன்னு சொல்லி அனுப்பினீங்களே. இனிமே ஆளில்லாம ஒண்டியா பூட்டுதான் தொங்கும் போலன்னு நெனச்சிக்கினேன். இவ ஒத்துக்கல. காலையில இருக்குதுன்னு ஒரே அழுவ. சரின்னு மூணு நாளு இட்டுக்கினு வந்தேன், ஏழரை மணிக்கே. ஒரு ஈ காக்கா இல்ல. பூட்டுதான் தொங்கிக்கினு இருந்துச்சி. கடலக்கா புடுங்கப் போவணும், நான் எம்மா நேரம் நிக்கறது?"

ஒண்டி பூட்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்று நாள் கதையில் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. சித்தூரிலிருந்து என் பஸ் வந்து சேர்வதே எட்டே காலுக்கு மேல். அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பஸ் அப்படி, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சலுகை கொடுத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும், பஸ் ஹாரன் கேட்ட பிறகுதான் வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். என் பேச்சை அப்படியே நம்பியவள் இவள் ஒருத்திதான்.

"மூணு நாளும் நான்தான் டீச்சர் மொதல்ல வந்தேன்" என்றாள் குழந்தை. குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.

அம்மா தொடர்ந்தாள். "அவங்க நைனா பெங்களூருக்கு வந்துடுன்னு கூப்டுக்கினே இருந்தாரு. இவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, வரமாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தேன். அதுவும் பூட்டியாச்சே, இங்க இன்னா இருக்குது? திங்கக்கிழம உங்க பஸ்ஸு திரும்பிப் போறப்ப ஏறிடுவோம்."

"அங்க இவளுக்குப் பள்ளிக்கூடம்?"

"கட்டடத்துல ஏதும்மா பள்ளிக்கூடம்? செங்கல்லு எடுத்துக் குடுக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரர்களுக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

"பள்ளிக்கூடம் மூடல, காலையில நடக்குது. தப்பு என்னுதும்மா" என்றேன். கைப்பையிலிருந்து பள்ளிச் சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தேன். "இனிமே நீதான் தெறக்கணும், நீதான் மணி அடிக்கணும்."

"நாங்கதான் போறோமே டீச்சரம்மா!"

"போறதா இருந்தா பஸ் ஏறும்போது எங்கிட்ட குடுத்துடுங்க." திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்களே என்று வேகமாக நடையைக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. திங்களன்று நாலு மணிக்கே எழுந்து ஸ்டாண்டுக்கு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து அந்த முதல் பஸ் வரவேயில்லை. மறுபடியும் அதே பஸ், அதே எட்டே கால். ஊர் நெருங்கியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஒருவேளை ஞாயிறே கிளம்பிவிட்டார்களோ? இறங்கினேன். பஸ் என்ஜின் ஓய்ந்ததும் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

கதவு திறந்திருந்தது. வாசல்படியில் அவள் நின்றிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டிச் சாவி, கையில் மணி அடிக்கும் கம்பி. டீக்கடை ரேடியோவில் நேரம் கேட்டுக்கொண்டு வந்து, சரியாக ஏழே முக்காலுக்கு அடித்தாளாம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

நான் படியில் கால் வைத்தேன். அவள் நகரவில்லை. உள்ளே வாய்ப்பாடு நின்றது.

"டீச்சர்" என்றாள் மெதுவாக. "லேட்டு."

திரும்பிப் போய்ப் புங்கமரத்தடியில் நின்றேன். நின்றால் அங்கே பார்ப்பதற்குத் தண்டவாளத் துண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்த பஸ் திரும்பி என்னைத் தாண்டிப் போனது.

கடலைக்காய்க் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, வெளிய நிக்கறீங்க?"

"லேட்டும்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மூட்டைய அவுத்துட்டேன்" என்றாள். "சாவிய டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போலாம் வாடின்னா, குடுக்கவே மாட்டேன்னுட்டா."