ஏழு ராத்தல்

எட்டாம் நாள் காலையில் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் வலது கையில் தம்ளர் நிற்கவில்லை. காப்பி முழுவதும் மெத்தையில் கொட்டிவிட்டது.

அவர் சங்கரன்கோவிலில் பேர்போன டெய்லர். இருபது வருடம் மெஷின்மேல் குனிந்த கழுத்து. வலி தோளுக்கு இறங்கி, இரண்டு விரல் மரத்துப்போய் எங்களிடம் வந்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம் அது. தனி டாக்டர் ஒருவர் நடத்திய ஆறு கட்டில் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான் நர்ஸ்.

டாக்டர் கழுத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் போடச் சொன்னார். சாமான் ஏது? தறிக்கு மாட்டும் மரக்கப்பி ஒன்றை வாங்கி, கட்டில் தலைமாட்டில் நானே அடித்தேன். தாடையில் மாட்டும் கான்வாஸ் பட்டையை அண்ணாச்சியே வெட்டித் தைத்தார். கயிற்றின் மறுமுனையில் ஆற்றுமணல் பை, சரியாக ஏழு ராத்தல், இன்றைய கணக்கில் மூன்று கிலோ சொச்சம். சாப்பாட்டுக்குப் பட்டையை மட்டும் கழற்றுவோம். பை கயிற்றிலேயே கிடக்கும். இந்த ஊரில் இதுதான் முதல் டிராக்‌ஷன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பீற்றல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது ஐந்து விரலும் மரத்துவிட்டன. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கப்பியக் கழட்டிருங்க சிஸ்டர். நாளைக்கு மதுரைக்கு அனுப்பிருவோம். ஆபரேஷன்தான் போல."

"கழுத்துல கத்தி வச்சா கை வருமா நர்சம்மா?" என்றார் அண்ணாச்சி. "கத்திரி பிடிக்க முடியாதவன் என்ன டெய்லரு?" மல்லாந்து கிடந்தவரின் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

பையை அவிழ்க்கப் போனேன். தூக்கினால் கனம். வாயில் இருந்த முடிச்சு என் முடிச்சும் இல்லை. அவிழ்த்தால், வெள்ளை மணலுக்குமேல் செம்மண். அடுத்த பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். பத்தரை ராத்தல்!

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "யாரு இத அவுத்தது?"

அண்ணாச்சியின் மனைவி சங்கரவடிவு மெல்ல முன்னால் வந்தாள். "நாந்தான். கோயில் புத்துமண்ணு, அம்மன் தாயி பிரசாதம். காலைலயும் சாயங்காலமும் ஒரு பிடி போட்டேன். கனம் கூடுனா சீக்கிரம் நேராவும்லா?"

"அடிப்பாவி! கழுத்து என்ன வளைஞ்ச ஆணியா?"

அவள் அழுதுவிட்டாள். எனக்கும் உறைத்தது. அந்தப் பை எதற்கு என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் நாளுக்குப் பிறகு எடை பார்த்ததும் இல்லை. டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"தப்பு என்னோடது சார். பத்து நாள் குடுங்க."

முறைத்தார். கொடுத்தார்.

மூன்று நாள் கழுத்துக்கு ஓய்வு. பிறகு ஆற்றுமணலைக் கொட்டிவிட்டு, சங்கரவடிவின் முன்னாலேயே புற்றுமண்ணை நிறுத்துக் கட்டினேன். "ஏழு ராத்தலும் உன் தாயி மண்ணாவே இருக்கட்டும். எட்டாவது ராத்தலத் தாயே வந்து கேட்டாலும் தரமாட்டேன்." அன்றிலிருந்து தினமும் காலையில் தராசை வாங்கி வந்தவள் அவள்தான்.

பத்தாம் நாள் அண்ணாச்சி தம்ளரைத் தூக்கிக் குடித்தார். சொட்டுகூடச் சிந்தவில்லை. டாக்டர் மதுரைப் பேச்சையே எடுக்கவில்லை.

நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டிய எடையைத் தினமும் நிறுங்கள், நோயாளிக்குச் சொல்வதைக் கூட இருப்பவருக்கும் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குப் புதுப் பை ஒன்று கொண்டுவந்தார். நிறுத்துப் பார்த்தேன், ஏழு ராத்தல். வாயில் கயிறு இல்லை. பொடிப் பொடித் தையலாகக் கையாலேயே தைத்து மூடியிருந்தார்.

"இனி இவ அவுக்க முடியாதுல்லா?" என்றார்.

பக்கத்தில் நின்ற சங்கரவடிவு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் வலது கைத் தையல்.