இருபதுக்குப் பதினாலு

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எழுபதுகளில் மெல்போர்னில், வெளிநாட்டுச் சான்றிதழ்களின் புள்ளிகளை இங்குள்ள கணக்குக்கு மாற்றும் அலுவலகத்தில் நான் கிளார்க். அவர் கோவாவில் படித்த தமிழர். போர்த்துக்கேயப் பத்திரங்களை எங்களுக்கு மொழிபெயர்ப்பவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டுத்தான் பேசுவார்.

போர்த்துக்கேயர் ஆண்ட திமோரிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் மருத்துவம் படிக்கக் கேட்டிருந்தாள். அவளுடைய புள்ளி இருபதுக்குப் பதினாலு. ஐந்தால் பெருக்கி, நூற்றுக்கு எழுபது என்று எழுதி முத்திரை குத்தினேன். எழுபதுக்கு மருத்துவம் கிடையாது.

அவர் கண்ணாடியை மடித்தார். "தம்பி, அங்கே பதினாலே பெரிய மார்க்கு. இருபது யாருக்குமே போட மாட்டாங்க. இவதான் வகுப்புல முதல்!"

"எண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை எண்டு மேலதிகாரி சொல்லுறார், ஐயா."

"உங்க ஊர்ல எழுபத்தஞ்சு எடுத்தா என்ன சொல்வாங்க?"

"அதிவிசேட சித்தி. ஆக உயர்ந்த தேர்ச்சி."

"இங்க?"

"என்ர எழுபத்தஞ்சைச் சும்மா பாஸ் எண்டிட்டினம். அதாலதானே எஞ்சினியர் ஆகாமல் இந்தக் கதிரையில இருக்கிறன்."

"அப்போ தெரிஞ்சேதான் பெருக்கினீங்க."

கண்ணாடியைப் போடாமலே போய்விட்டார். முத்திரையின் மை இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து, ஊதிக் காயவைத்தேன்.