கல் இல்லாத இடத்தில் இன்னொருக்கா

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ‘மறுக்கா’ என்று ஒரு சொல் இருந்தது. மறுபடியும் என்று அர்த்தம். கொழுந்து எடுத்து முடித்து நிரையை விட்டு வெளியே வரும்போது கங்காணி செடியை ஒரு பார்வை பார்ப்பார். முற்றிய இலை ஒன்று நின்றால் போதும். “மறுக்கா போ” என்பார். காலில் அட்டை ஏறியிருந்தாலும், மழை கொட்டினாலும் போகத்தான் வேண்டும். சோற்றுக்கும் அதே சொல்தான். “மறுக்கா போடவா?” என்று அம்மா கேட்பாள். பானையில் சோறு இருக்கும் நாளில் கேட்பாள். கேட்காத நாள்தான் அதிகம். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பிடிக்காது.

பிறகு வன்னிக்கு வந்தோம். என் மகள் இங்கேதான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு இருந்து இருந்து அவளுடைய பேச்சே மாறிவிட்டது. ‘மறுக்கா’ போய் ‘இன்னொருக்கா’ வந்தது. இங்கே எல்லோருக்கும் அந்தச் சொல்தான். மழை விதைநெல்லை அள்ளிக்கொண்டு போனால் இன்னொருக்கா விதைப்பார்கள். செல் குண்டு விழுந்து ஊரோடு எழும்பி ஓடி, போன இடத்தில் தடி வெட்டி, “இன்னொருக்கா கொட்டில் போடுவம்” என்பார்கள். யாரையும் திட்டாமல் அந்தச் சொல்லைச் சொல்கிறார்களே என்று எனக்கு அதிசயமாக இருக்கும்.

அப்படி இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்த காலத்தில் மகள் நிறைமாதம். முதல் பிள்ளை நாங்கள் ஓடிவந்த வழியில், மரத்தடியில், உதவிக்கு ஆள் இல்லாமல் மூச்சில்லாமல் பிறந்தது. இனி வேண்டாம் என்று நான் நினைத்தேன். அவள்தான் இன்னொருக்கா என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பயம். நாய் குரைத்தாலும் பயம். மருமகனோ சாமான் வாங்க வவுனியாவுக்குப் போனவர், சண்டையில் பாதை பூட்டுப்பட்டு அந்தப் பக்கத்து நெளுக்குளத்திலேயே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் எப்போதோ செத்துப்போனார். மருத்துவிச்சி அம்மா இருந்தது காட்டுப்பாதைக்கு அந்தப் பக்கம், கோயிலடியில். நடந்து போய் அவரைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீட்டில் இருந்தது மருமகனுடைய சைக்கிள். நடுவில் பார் கம்பி வைத்தது, ஹாண்டில் என் நெஞ்சளவு உயரம்.

“நீங்கள்தான் பழக வேணும்,” என்றாள் மகள்.

“நானா? மலையில எவடி சைக்கிள் ஓட்டுனா? அங்க ஏறுனா நேரா ஆத்துலதான் போய் விழணும்.”

“இஞ்ச மலை இல்லை. விழுந்தாலும் மண்ணிலதான் விழுவியள்.”

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்று இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கல்லில் ஏறி நின்று, காலைப் பாருக்கு மேலால் போட்டு, கல்லை உதைத்துக்கொண்டு போவேன். பிடித்துக்கொண்டு பின்னால் ஓட அவளால் முடியாது. பாலை மரத்தடியில் உரலைக் கவிழ்த்து, அதில் வயிறும் தானுமாக உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள்.

“முன்சில்லைப் பாக்காதேங்கோ அம்மா. பாதையைப் பாருங்கோ.”

“பாதை எங்கடி இருக்கு? எல்லாம் சக்கரமாத்தான் தெரியுது.”

விழுவேன். “இன்னொருக்கா,” என்பாள். பக்கத்துக் கொட்டிலில் கால் ஏலாத யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் இருந்தார். அவர் வேலிக்கு மேலால் கேட்பார்: “ஏன் மோனை, கொம்மா சைக்கிள் ஓடுறாவோ, சைக்கிள் கொம்மாவை ஓடுதோ?”

ஒரு மாதிரி ஓடப் பழகிவிட்டேன். ஆனால் ஏறுவது அந்தக் கல்லில் இருந்து மட்டும்தான். நிறுத்துவதற்கு வேலி வேண்டும்.

“கல்லில்லாமலும் ஏறிப் பழகுங்கோ,” என்றாள்.

“கல்லு எங்கயும் ஓடிப் போகாது.”

அருவி வெட்டு, நெல் அறுக்கிற காலம். ஊர்ச்சனம் எல்லாம் வயலுக்குப் போயிருந்த ஒரு காலையில் மகள் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்தபடி நின்றாள். காலடி நனைந்திருந்தது. “அம்மா, நேரம் வந்திட்டுது,” என்றாள். ஆச்சி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “நான் இருக்கிறன். நீ ஓடு.”

கல்லை உதைத்துக்கொண்டு புறப்பட்டேன். எங்கேயோ செல் குத்துகிற சத்தம். முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. காட்டுப்பாதை நடுவில் மணல் கூடின இடத்தில் முன்சில்லு புதைந்தது. விழுந்தேன். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. அது பெரிதில்லை. எழும்பிச் சுற்றிப் பார்த்தால் ஒரு கல்லும் இல்லை. மணல், முட்பற்றை, பிறகும் மணல்.

ஒரு புற்று இருந்தது. கிணற்றடிக் கல் அளவு உயரம், அளவெடுத்து வைத்ததைப் போல. யாரோ மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். சைக்கிளை அதன் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போய்க் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி கிடக்கிறாள், நான் நாகம்மாள் தலையில் கால் வைக்கவா? உள்ளே உண்மையாகவே பாம்பு இருந்தால் அது இன்னொரு பயம். காலை இறக்கினேன்.

நிலத்தில் நின்று ஏறப் பார்த்தேன். பார் தொடையில் இடித்து, சைக்கிளும் நானும் விழுந்தோம். “மறுக்கா போ” என்று கங்காணியின் குரல் அந்தக் காட்டுக்குள் வந்துவிட்டது. அந்த மரத்தடிப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. தலைநிறைய மயிர் அதற்கு.

கங்காணி குரலுக்கு மேலால் நானே சத்தமாகச் சொன்னேன், மகள் உரலில் இருந்து சொல்கிற மாதிரி: “இன்னொருக்கா.” பிறகு புற்றைப் பார்த்து, “நீ மட்டுந்தான் தாயி பாக்குற, சிரிக்காத,” என்றேன். சைக்கிளை என் பக்கமாக நன்றாகச் சரித்தேன். பார் தாழ்ந்து வந்தது. காலைப் போட்டுக் கடந்து, அதற்குப் பிறகு நிமிர்த்தி, பெடலில் ஏறி நின்று ஒரே மிதி. போய்விட்டேன்.

மருத்துவிச்சி அம்மாவின் வேலியில் போய் மோதித்தான் நின்றேன். “வேலி பிரிக்க வந்தனீங்களோ?” என்றவர் முழங்கால் இரத்தத்தைப் பார்த்தார். “ஆர் அடிச்சது?”

“சைக்கிள்.”

மகளுக்கு நேரம் வந்துவிட்டது என்றதும் அவர் தன்னுடைய சைக்கிளில் முன்னால் பறந்தார். நான் பின்னால் வந்து சேர்ந்தபோது மகள் முகம் வெளுத்துக் கிடந்தாள்.

“இன்னொருக்கா, பிள்ளை. இன்னொருக்கா முக்கு,” என்றார் மருத்துவிச்சி அம்மா.

“ஏலாது,” என்றாள். “இனி ஏலாது அம்மா.”

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “முன்சில்லப் பாக்காத. பாதையப் பாரு,” என்றேன். அந்த வேதனையிலும் அவள் என்னை முறைத்தாள். முறைத்தபடியே முக்கினாள்.

பிள்ளை வந்தது. அழவில்லை. மருத்துவிச்சி அம்மா முதுகைத் தேய்த்தார். ஒன்றுமில்லை. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் கப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா தனக்குள் மெல்ல, யாருக்கும் இல்லாமல், “இன்னொருக்கா” என்று சொல்லித் திரும்பவும் தேய்த்தார். பிள்ளை வீரிட்டது. பொம்பிளைப் பிள்ளை.

கன நேரத்துக்குப் பிறகு மகள் கேட்டாள். “காட்டுக்குள்ள விழுந்தனீங்களோ? பேந்து எப்பிடி ஏறினீங்கள், கல்லில்லாமல்?”

“ஏறுனேன்.”

“பொய்.”

மறுநாள் ஆச்சியிடம் ஆட்டுப்பால் வாங்கி, போத்தலில் ஊற்றி, புற்றுக்கு வைக்கப் புறப்பட்டேன். மகள் பிள்ளையோடு வாசலுக்கு வந்து பார்க்கட்டும் என்று கிணற்றடிக் கல்லை விட்டு முற்றத்து நடுவில் நின்று ஏறினேன். ஏறினேன் பாருங்கள். வாய்க்கால் தாண்டுமுன் விழுந்து பால் முழுக்கக் கொட்டிவிட்டது. திரும்பி வந்து வெறும் போத்தலை வேலிக்கு மேலால் நீட்டினேன்.

ஆச்சி போத்தலைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். “இன்னொருக்காவோ?” என்றார்.

“ஓம்,” என்றேன்.